மருமகள் ஊரில் இல்லாத நாட்கள்

அத்தியாயம் 6

ஜூன் மாத வெயிலில், தகரக் கூரை போட்ட அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கிருத்திகா. அதைப் பார்த்ததும் சௌந்திரத்துக்குப் பாதி வழக்கு முடிந்துவிட்டது போலிருந்தது. மீதிப் பாதிதான் அன்று முழுக்க அவளை அலைக்கழித்தது.

"ஏனுங்கக்கா, உள்ள போனா வெந்துருவோமாட்ட இருக்குது," என்று பின்னால் முணுமுணுத்தான் தமிழரசு. "அக்கட்ட கோழிக்கெல்லாம் ஃபேன் ஓடுது. மனுசனுக்கு ஓடல."

"சும்மா வா, தமிழு."

சௌந்திரத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. கவிழ்ந்த லாரிகளையும் எரிந்த லாரிகளையும் சுற்றி வந்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்மையைச் சொல்லி இருபது வருடம் பிழைத்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு நாமக்கல்லில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தாள். கிடைத்தது தமிழரசு. முப்பது வயது. வண்டி ஓட்டுவான், வாய் ஓயமாட்டான், எங்கே போனாலும் அங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரிப்பான்.

முந்தின நாள் சாயங்காலம்தான் மார்ட்டின் அவர்களைத் தேடி வந்தான். சேலம் அரிசிப்பாளையத்துக்காரன், கிருத்திகாவின் கணவன். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நடுக்கம் தெரியக் கூடாதென்று.

அவன் சொன்னது இதுதான். ஒரு வருடமாக வீட்டில் மூன்று பேருக்கும் உடம்பு சரியில்லை. அப்பா, அம்மா, அவன். நன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஆனால் இளைக்கிறார்கள். வியர்வை, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு. அம்மா மரியபுஷ்பத்துக்குத்தான் மோசம். போன வாரம் இதயம் தாளம் தப்பி ஓட ஆரம்பித்து, மயங்கி விழுந்து, இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மே மாதத்திலிருந்தே அவளைப் பார்த்துவரும் சுரப்பி நோய் மருத்துவர் தனப்பிரியா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உங்க அம்மாவோட தைராய்டு சுரப்பி தூங்கிட்டிருக்கு. ரத்தத்துல இருக்கற ஹார்மோன் அது சுரந்தது இல்ல. வெளியில இருந்து உள்ள போயிருக்கு."

வீட்டில் தைராய்டு மாத்திரை வைத்திருப்பவள் ஒருத்திதான். மருமகள்.

"அவ மட்டும்தான் நல்லா இருக்கா மேடம்," என்றான் மார்ட்டின். "அது போதாதுன்னு, பிப்ரவரியில அவங்கப்பாவுக்குக் கால் உடைஞ்சு அவ ஊருக்குப் போனா. அவ போனதுக்கப்புறம் அம்மா தேறிட்டாங்க. நாங்க எல்லாருமே. ஏப்ரல்ல திரும்பி வந்தா. மே மாசம் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. அப்பா நாளைக்கு மறுநாள் போலீஸ்ல புகார் குடுக்கப் போறார். அவ இதைச் செய்யலைன்னு நீங்க சொல்லுங்க. இல்ல, செஞ்சான்னாவது சொல்லுங்க. எதுவும் தெரியாம என்னால இருக்க முடியல."

அதற்காகத்தான் இந்தக் காலை நேரத்தில், நாமக்கல்லுக்கு வெளியே உள்ள இந்தக் கோழிப் பண்ணை. கிருத்திகாவின் அப்பாவுடையது. மாமியார் மயங்கி விழுந்த அன்றே மாமனார் அவளை இங்கே அனுப்பிவிட்டார்.

சௌந்திரம் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"மாத்திரைய எப்ப உட்ட, கண்ணு?"

கிருத்திகா நிமிர்ந்து பார்த்தாள். முகம் லேசாக உப்பியிருந்தது. பதில் வர நேரமானது. வந்த குரலும் கரகரத்தது.

"எந்த மாத்திரைங்க?"

"தைராய்டு மாத்திரை. நானும் பதினஞ்சு வருசமா முழுங்கறேன். ஒருக்கா ஏமாந்து கொஞ்ச நாளைக்கு உட்டுட்டேன். இப்பிடித்தான், நல்ல கோடையில போர்வை கேட்டேன்."

கிருத்திகாவின் கண்கள் நிறைந்தன. ஆனால் அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

"நா உடலீங்க. காணாமப் போச்சுங்க. மே மாசம் ஒரு நாளு அலமாரியத் தொறந்தா பாட்டில் இல்ல. அத்தைக்கு அப்பத்தான் டாக்டரு அப்பிடிச் சொல்லியிருந்தாங்க."

"வேற வாங்கறதுதான?"

"வாங்குனா என்ன சொல்லுவாங்கன்னு தெரியாதுங்களா? மாத்திர வாங்கியாந்துட்டா பாருன்னு சொல்லுவாங்க. எனக்கு அது வேணும்னு ஆருங்க நெனைக்கறாங்க?"

சௌந்திரம் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வெளியே கோழிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன.

"உங்கூட்டுல எல்லாரும் திங்கறதுல நீ திங்காதது என்ன?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"கறிங்க. இந்தப் பண்ணையில பொறந்து வளந்து எனக்குக் கறின்னாலே ஆகாது. முட்டை மட்டுந்தான். அத்தை அவங்களுக்குக் கறி செய்வாங்க, எனக்குத் தனியாப் பருப்பு வெச்சுத் தருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "தங்கமானவங்கங்க அத்தை. கல்யாணத்தப்ப மாமா மொகங்குடுத்துப் பேசல. அத்தைதான் கையப் புடிச்சு உள்ள கூட்டீட்டுப் போனாங்க. அவங்களுக்குப் போயி நா..." என்றாள்.

"எந்திரி, சாமி. ரத்தம் குடுத்துட்டு வரலாம்."

நாமக்கல் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு மதியம் கைப்பேசிக்கு வந்துவிடும் என்றார்கள். அவளைப் பண்ணையில் இறக்கிவிட்டு, பழைய ஆம்னி வேன் சேலத்தை நோக்கிக் கிளம்பியது.

ராசிபுரம் தாண்டியதும் தமிழரசு ஆரம்பித்தான். "அக்கா, ஒரு சந்தேகமுங்க. மாத்திரை காணாமப் போயி மாசம் ஒண்ணுக்கு மேல ஆவுது. அதுக்கப்பறமுந்தான் அந்தம்மா மயங்கி உழுந்துருக்காங்க. மாத்திரையே இல்லாதவ எதைக் கலக்குவா? உப்பையா?"

"திருட்டுத்தனமா வேற வாங்கிக் கலந்தான்னு சொல்லுவாங்க."

"அப்பிடிச் சொன்னா?"

"அதுக்குத்தான் ரத்தம் எடுத்தது." சௌந்திரம் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடினாள். "ஆனா அது இவ கலக்கலைன்னுதான் சொல்லும். எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லாது. அது தெரியற வரைக்கும் அந்தக் கெழவனார் இவளை உடமாட்டாரு. அந்தம்மாளும் தப்பிக்க மாட்டாங்க."

"பட்டியல்ல மிச்சம் இருக்கறது ஆருங்க? மாமனாரு, புருசன், அப்பறம் பண்ணைக் கோழிங்க. கோழிங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லீங்க."

அவள் சிரிக்கவில்லை. தூங்கிவிட்டிருந்தாள்.

அரிசிப்பாளையத்து வீட்டில் நுழைந்ததும் தமிழரசுவின் மூக்குதான் முதலில் வேலை செய்தது. எண்ணெயில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது. சோம்பும் கசகசாவும் மணத்தன. அடுப்படியிலிருந்து உபகாரசாமி வெளியே வந்தார். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. உயரமான மனிதர். சட்டை, உடம்பைவிட இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. அந்தச் சட்டை வாங்கியபோது உடம்பு அதற்குச் சரியாக இருந்திருக்க வேண்டும்.

"விசாரிக்க வந்தவங்களா? நல்லா விசாரிங்க," என்றார். "ஆனா என் கிட்ட விசாரிக்க ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியுமுங்க?"

"அவ இருந்தா நோய் இருக்கு. அவ இல்லாட்டி நோய் இல்ல. இதைவிட என்னம்மா சாட்சி வேணும்? சாம்பல் புதன் வாரத்துல அவ ஊருக்குப் போனா. அன்னைக்கு என் பெண்டாட்டியைக் கோயிலுக்கு ரெண்டு பேர் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு ஓலையைப் பிடிச்சுக்கிட்டுப் பவனியில தானா நடந்து வந்தா. ஈஸ்டர் பூசைக்கு முழங்கால் போட்டா." அவர் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். "அந்த நாட்கள் எனக்கு என் பெண்டாட்டி திரும்பக் கிடைச்ச நாட்கள். அப்புறம் அவ திரும்பி வந்தா. அவ்வளவுதான்."

அவர் அடுப்படிக்குத் திரும்பிப் போய், பொரித்ததை எடுத்து டிபன் கேரியரில் அடுக்கினார். கறிக்கோலா உருண்டைகள். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதை மட்டும் மேல் தட்டில் வைத்தார். கை நடுங்கி இரண்டு உருண்டை கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கல," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "போன வருசம் பல்லெல்லாம் எடுத்துட்டாங்க. கட்டுன பல் பொருந்தல. மெல்ல முடியாது. இது ஒண்ணுதான் சாப்பிடுவா. நான் போகணும்."

கேரியரோடு அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தமிழரசு அந்தக் கேரியரைத் தெருமுனை வரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

சௌந்திரம் மார்ட்டினின் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க ஊட்டுக்காரியோட மாத்திரை பாட்டில் எங்க?"

மார்ட்டின் காது மடல் வரை சிவந்தான். பிறகு மெதுவாகப் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"நான்தான் எடுத்து வெச்சேன். மே மாசமே. அப்பாவுக்குத் தெரியாது."

"எடுத்ததுக்கப்பறம் அம்மா தேறுனாங்களா?"

"இல்ல... இன்னும் மோசமாச்சு."

"அவ செய்யலைன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணுமே."

"வேற வாங்கி வெச்சிருப்பாளோன்னு நினைச்சேன்." அதைச் சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்பது அவனுக்கே புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

சௌந்திரத்துக்கு அவனைத் திட்டத் தோன்றியது. அதற்கும் தெம்பு வேண்டும். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருமகள் போனாள், நோய் போனது. மருமகள் வந்தாள், நோய் வந்தது. அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அவளோடு சேர்ந்து வேறு எதுவும் போய்வந்ததா?

அவள் யோசனையைத் தமிழரசுவின் வயிறு கலைத்தது.

"அக்கா, அந்தக் கோலா மணம் இன்னும் மூக்குலயே நிக்குதுங்க. பள்ளிக்கூடத்துல என்றகூட மார்ட்டின் மாதிரியே ஒரு வேதக்காரப் பையன் படிச்சானுங்க. தினமும் அவன் டிபனைத்தான் நா திம்பேன். வருசத்துல ஒரு மாசம் ஒண்ணரை மாசம் மட்டும் வெறும் கத்தரிக்காயாக் கொண்டாருவான். தவக்காலமாம். அவன் சாமிக்காகக் கறிய உட்டான், நா அவனுக்காகப் பட்டினி கெடந்தேன். மோட்சத்துல எனக்குந்தான் பங்கு வேணு..."

"தமிழு, நிறுத்து."

"ஏனுங்க?"

"இன்னொருக்கா சொல்லு."

"மோட்சத்துல எனக்கும் பங்கு..."

"அதுக்கு முன்னாடி!" சௌந்திரம் மார்ட்டினின் தோளைத் தொட்டாள். "தம்பி, சாம்பல் புதன்னா தவக்காலம் தொடங்கற நாளா? ஈஸ்டரோட முடியுமா?"

"ஆமா மேடம்."

"அத்தனை நாளும் இந்த ஊட்டுல கறி உண்டா?"

மார்ட்டின் தலையை நிமிர்த்தினான். "கிடையாது. முட்டை, மீன்கூட அம்மா செய்ய மாட்டாங்க. அப்பா இதுல ரொம்பக் கண்டிப்பு."

"ஈஸ்டரன்னைக்கு?"

"கறிதான். அன்னையில இருந்து மறுபடி தினமும்..."

அவள் போன நாட்களும் கறி போன நாட்களும் ஒன்று. அவள் வந்த வாரமும் கறி வந்த வாரமும் ஒன்று. அந்த வீட்டில் அதைத் தின்னாதவள் ஒருத்திதான். இந்த நோய் வராதவளும் அவள்தான்.

சௌந்திரம் உடனே மருத்துவர் தனப்பிரியாவைக் கைப்பேசியில் அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"கறியா?" என்றார் மருத்துவர். "எந்தப் பகுதின்னு கேளுங்க. உடனே கேளுங்க. கழுத்தா இருந்தா, எனக்கு அப்பவே போன் பண்ணுங்க. நான் வெளியூர்ல ஒரு கேம்ப்ல இருக்கேன், திரும்பிட்டுத்தான் இருக்கேன்."

கறிக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. வீரன் கடையைக் கழுவிவிட்டுச் சாத்தும் நேரம். மார்ட்டினைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அம்மா எப்படி இருக்காங்க தம்பி? காலையில சார் வந்தாரு. இன்னைக்கும் நல்லதாப் பார்த்து அரைச்சுக் குடுத்தேன். நாலு ஆட்டுது."

"என்ன அரைச்சுக் குடுத்தீங்க?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"கொத்துக்கறிங்க. அம்மாவுக்குப் பல்லு போனதுல இருந்து சாருக்கு ஒரே கவலை. வீரா, மெல்லாம முழுங்கற மாதிரி மெதுவான கறி இருக்கான்னு கேட்டாரு. இருக்கு சார்னு சொன்னேன். கழுத்துக் கறி. அதுலயும் மூச்சுக்குழல் ஒட்டி ரெண்டு பக்கமும் செவசெவன்னு சின்னதா சதை இருக்கும் பாருங்க. பட்டு மாதிரி. மத்தவங்க அதை அறுத்து எறிஞ்சுடுவாங்க. நான் எறியறதில்ல. நாலு ஆடு அறுத்தா நாலுதையும் எடுத்து, மெஷின்ல போட்டு அரைச்சு, சார் வீட்டுக்குன்னு தனியா வெச்சிருவேன்."

"எல்லா ஆட்டுதுமா?"

"எல்லாத்துதும். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்." வீரன் பெருமையாகச் சொன்னான். "என் மூத்தவன் தண்டவாளத்துல அடிபட்டுக் கிடந்தப்ப சார்தான் அவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. இன்னைக்கு அவன் உசுரோட இருக்கான்னா அது அவராலதான். அந்த மனுசனுக்கு நான் வேற என்ன செய்ய முடியும் சொல்லுங்க?"

சௌந்திரம் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு வெளியே வந்து மருத்துவருக்குச் சொன்னாள்.

"அதுதான்," என்றார் தனப்பிரியா. "அந்தச் சதைதான் ஆட்டோட தைராய்டு. அதுக்குள்ள அந்த ஹார்மோன் அப்படியே இருக்கும். வேக வெச்சாலும் பொரிச்சாலும் போகாது. மாத்திரை கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் மருந்தாவே குடுத்தாங்க. நான் எல்லா மாத்திரையும் கேட்டேன், நாட்டு மருந்து கேட்டேன். கறியைக் கேட்கல. சரி, இப்பக் கிடைச்சிடுச்சு. இனிமே அவங்களுக்கு அது ஒரு வாய் போகக் கூடாது. இதயம் இருக்கற நிலைமைக்கு ஒரு வாய்கூட."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மார்ட்டின் வெளிறிப் போனான்.

"கேரியர்," என்றான். "அப்பா கேரியர்ல எடுத்துட்டுப் போனது அதுதான்."

தமிழரசு அதற்குள் வேனில் ஏறியிருந்தான். அன்று முழுக்க அவன் நகைச்சுவை எதுவும் சொல்லாத நேரம் அந்தக் கால் மணி நேரம்தான். ஐந்து ரோடு சந்திப்பின் நெரிசலில் ஹாரன் மேல் கை வைத்தவன் எடுக்கவில்லை. மார்ட்டின் அப்பாவை அழைத்துக்கொண்டே வந்தான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சௌந்திரம் வார்டுக்கு அழைக்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டாள். அப்போது அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. நாமக்கல் பரிசோதனைக் கூடம். அவள் அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வார்டில் அவர்கள் நுழைந்தபோது மரியபுஷ்பம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமான சின்ன உருவம். கண்கள் மட்டும் பெரிதாக, ஓய்வில்லாமல் இருந்தன. உபகாரசாமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கோலாவைப் பிட்டு, சோற்றோடு பிசைந்து, அவள் வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அறை வாசலில் அப்போதுதான் ஒரு நர்ஸ் ஓடி வந்தாள்.

சௌந்திரம் நர்ஸைத் தாண்டிப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குடுக்காதீங்க."

"யாரும்மா நீ? கையை விடு!" உபகாரசாமிக்குக் கோபத்தில் மூச்சு இரைத்தது. "அவ அனுப்பிச்சாளா உன்னை? என் பெண்டாட்டி சாப்பிடறதைக்கூட அவ தடுக்கணுமா?"

"ஐயா, மொதல்ல இதைக் கேளுங்க. இன்னைக்குக் காலையில உங்க மருமகளுக்கு ரத்தம் எடுத்தோம். ஹார்மோன் கொறஞ்சா ஏறுற டி.எஸ்.எச். நாலுக்குள்ள இருக்க வேண்டியது எழுபதைத் தாண்டி நிக்குது. அவ ஒடம்புல அந்த ஹார்மோன் சுத்தமா வத்திப்போச்சுன்னு அர்த்தம். ஒரு மாசத்துக்கு மேல அவ ஒரு மாத்திரைகூட முழுங்கல. அவ கையில ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தாலும் மொதல்ல அதை அவதான் முழுங்கியிருப்பா."

"அவ மாத்திரை என் பீரோவுலதான் இருந்துச்சுப்பா," என்றான் மார்ட்டின், வாசலில் நின்றபடி. "மே மாசத்துல இருந்து. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

உபகாரசாமி மகனைப் பார்த்தார். பிறகு சௌந்திரத்தை.

"அப்ப எதுல? எதுல வருது?"

சௌந்திரம் இதுவரை எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்திகளைச் சொல்லியிருக்கிறாள். பொய் சொன்னவர்களிடம் சொல்வது சுலபம். அவள் அவர் கையைப் பார்த்தாள். இன்னும் சோறு ஒட்டிக்கொண்டிருந்த விரல்கள்.

"தவக்காலத்துல உங்க ஊட்டுல இல்லாம இருந்தது மருமக மட்டும் இல்லீங்கய்யா. கறியுந்தான்."

அவள் கழுத்துக் கறியைப் பற்றிச் சொன்னாள். வீரன் எடுத்து வைக்கும் அந்தச் சிவப்புச் சதையைப் பற்றி, நாலு ஆட்டுக்கும் நாலு. சொல்லி முடித்தபோது, அவர் பிசைந்த கவளத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். தமிழரசுதான் தட்டை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

"நான் கேட்டு வாங்கினேன்," என்றார் கடைசியில். "வீரன் கிட்ட. மெதுவா இருக்கணும்னு. நான்தான்."

மரியபுஷ்பம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுங்கும் கையை நீட்டிக் கணவனின் சட்டையைப் பிடித்தாள்.

"என் வாய்க்காகச் செஞ்சீங்க. அது கிடக்கட்டும்," என்றாள் பல்லில்லாத குழறலில். "அந்தப் புள்ளையை என்ன சொல்லி அனுப்பினீங்க?"

உபகாரசாமி கேரியரை மூடத் தொடங்கினார்.

"என்ன சொல்லி அனுப்பினீங்கன்னு கேட்டேன்."

"கொலைகாரின்னு சொன்னேன்."

"எங்கே வெச்சு?"

"வாசல்ல. தெருவே பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

மரியபுஷ்பம் அவர் சட்டையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "போய்ப் பாருங்க," என்றாள். "அதுவரைக்கும் எங்கிட்ட வராதீங்க."

அதற்குள் மருத்துவர் தனப்பிரியா வந்துவிட்டார். கேரியரைத் திறந்து பார்த்து, அப்படியே மூடி நர்ஸிடம் கொடுத்தார். சுரப்பியை அடக்கும் மருந்து இங்கே உதவாது என்றும், உதவ வேண்டியது நேரம்தான் என்றும் சொன்னார். இதயத்தைக் கட்டுக்குள் வைக்க மாத்திரை தொடரும். வீட்டில் யாரும் அந்தக் கறியைத் தொடாமல் இருந்தால், உள்ளே போனது ஆறு வாரத்தில் கரைந்துபோகும். தூங்குகிற சுரப்பி தானாக விழித்துக்கொள்ளும். மார்ட்டினுக்கும் அவன் அப்பாவுக்கும் அதே கதைதான். "அந்தப் பொண்ணுக்கு நாளைக்குக் காலையிலயே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லுங்க," என்றார் கடைசியாக. "அவளும் பழையபடி ஆக அவ்வளவு நாள் ஆகும்."

வேன் மறுபடி நாமக்கல்லுக்குத் திரும்பியபோது பின் இருக்கையில் அப்பாவும் மகனும் ஆளுக்கொரு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். வேன் மல்லூரைத் தாண்டியது. சௌந்திரத்துக்கு முதுகு வலித்தது. ஒரே நாளில் இந்த ரோட்டில் எத்தனை தடவை என்று அவள் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

"அந்தக் கறிக்கடைக்காரருக்கு ஆருங்க சொல்றது?" என்று மெல்லக் கேட்டான் தமிழரசு.

"நான் சொல்றேன்," என்றார் உபகாரசாமி. "அவன் மேல தப்பு இல்ல. அவனுக்கு நானே சொல்லிக்கறேன்."

பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது, சூடு இறங்கவில்லை. மார்ட்டின் இறங்கிப் போனான். உபகாரசாமி இறங்கவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கிருத்திகா வாசலுக்கு வந்தாள். மார்ட்டின் வரும் வழியில் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்ட பாட்டிலை நீட்டினான். பேச வேண்டியது எல்லாவற்றையும் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தான் போலிருக்கிறது. வாயில் வந்தது இரண்டே வார்த்தை.

"நான்தான் எடுத்தேன்," என்றான்.

"தெரியுமுங்க," என்றாள் கிருத்திகா. "உங்களைத் தவிர அந்த அலமாரிச் சாவி ஆரு கிட்ட இருக்குது? நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

சௌந்திரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். ஆட்டின் கழுத்து என்றதும் கிருத்திகா கண்ணை மூடித் திறந்தாள். "அத்தை?" என்றாள். பிழைத்துக்கொள்வாள் என்று சௌந்திரம் சொன்ன பிறகுதான் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"வா, கிருத்தி. ஊட்டுக்குப் போலாம்," என்றான் மார்ட்டின். அவளுடைய கொங்குப் பேச்சை அவனும் பேசிப் பார்த்தான்.

அவள் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். யோசனையும் இப்போது அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது.

"இந்த மாத்திரை மெள்ளத்தானுங்க வேலை செய்யும். நாளைக்கு முழுங்குனா நாளானைக்கே எந்திரிச்சு ஓட முடியாது. ஆறு வாரம் ஆவும். அதுவரைக்கும் நா இங்கயே இருக்கறேன். என்ற மனசு அதுக்குள்ள என்னாவுதுன்னு பாக்கறேன். அத்தையைப் பாக்கறதுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்கு வாரேன்."

மார்ட்டின் தலையாட்டினான். வேறு ஒன்றும் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவள் எழுந்து வேனை நோக்கி நடந்தாள். கால்கள் கனத்தன, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் உபகாரசாமி அவளை நிமிர்ந்து பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேம்மா," என்றார். "உன் வாசல்ல இறங்க எனக்கு முகம் இல்ல."

கிருத்திகா கதவை இழுத்துத் திறந்தாள். இழுவைக் கதவு, பாதியில் மாட்டிக்கொண்டது. தமிழரசு ஓடி வந்து தள்ளிவிட்டான்.

"நீங்க சொன்னதை நா இன்னும் மறக்கலீங்க மாமா. மறப்பனான்னும் தெரியல," என்றாள். "ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்கற ஆளு இந்த வேக்காட்டுல வண்டிக்குள்ள உக்காந்திருக்கக் கூடாது. எறங்குங்க. மோர் கொண்டாரச் சொல்றேன்."

உபகாரசாமி ஒரு காலைத் தரையில் வைத்தார். அடுத்த காலை வைக்கும் முன் தடுமாறினார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் வலு இல்லாததால், வாசல் வரை போய்ச் சேர அவர்களுக்கு வெகுநேரம் ஆனது.